இடுப்பால் தூக்குகிறவர்

கருப்புசாமி அண்ணன் எங்கள் ஜிம்முக்கு முதன்முதலாக வந்த அன்று வேலைக்குப் போடும் நீலச் சட்டையைக்கூட மாற்றியிருக்கவில்லை. தோளெல்லாம் சிமெண்ட் தூசி. தலைக்கு வைக்கும் சும்மாட்டுத் துணி கையில் சுருண்டிருந்தது. அது பெண்கள் நேரம். காலையில் ஆண்கள் சாப்பிட்டு வேலைக்குப் போன பிறகு பெண்கள் வருவார்கள், நான் பார்த்துக்கொள்வேன். சாயங்காலம் ஆண்கள் வருவார்கள். என் வீட்டுக்காரர் நவீன்குமார் பார்த்துக்கொள்வார். கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் உரக்கடை மாடியில் ஜிம் நடத்துகிறவர்கள் இந்த ஒழுங்கைக்கூடக் கடைப்பிடிக்கவில்லை என்றால் ஒரு பெண்ணும் படியேற மாட்டாள்.

"அண்ணா, ஆம்பளைங்களுக்குச் சாயங்காலந்தானுங்க," என்றேன்.

"தெரியுமுங்க அம்மிணி. சாயங்காலம் வந்தா எங்க லோடிங் பசங்க பார்த்துட்டுச் சிரிப்பானுங்க. எனக்கு நடு முதுகு புடிச்சுக்குதுங்க. ஒரு பொம்பளையத் தூக்கோணும். அதுக்கு இங்க ஏதாச்சும் இருக்குதுங்களா?"

டிரெட்மில்லில் நடந்துகொண்டிருந்த டீச்சர் அதை நிறுத்தியே விட்டார்.

"எந்தப் பொம்பளைங்கணா?" என்று கேட்டேன். என் குரலில் கொஞ்சம் காரம் இருந்திருக்க வேண்டும்.

"என்ற ஊட்டுக்காரிங்க," என்றார் அவர். "நடக்க மாட்டா."

அவர் சுமட்டுத் தொழிலாளி. வாளையார்ப் பக்கமிருந்து வரும் சிமெண்ட் லாரிகளிலிருந்து மூட்டை இறக்கிக் கிடங்கில் அடுக்குவது வேலை. வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. ஆள் உயரமில்லை, கழுத்து மட்டும் தடித்திருந்தது. ஒரு மூட்டை ஐம்பது கிலோ. அப்படிப்பட்டவர் ஜிம்மில் வந்து நின்றால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். எனக்கும் வந்தது. அவர் பெஞ்சில் உட்கார்ந்து கதையைச் சொல்லச் சொல்ல அது போய்விட்டது.

ரெண்டு வருஷம் முன்பு வேலந்தாவளம் சந்தைக்குப் போய்விட்டு இருவரும் டிவிஎஸ்ஸில் திரும்பி வந்திருக்கிறார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த மருதாத்தாள் அக்காவின் முந்தானை சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. வண்டி வேகமாகக்கூடப் போகவில்லை. யாரும் குறுக்கே வரவில்லை. அக்கா மல்லாக்க விழுந்தார், முதுகெலும்பு போயிற்று. இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது. "வண்டி ஓட்டுனவன் நானுங்க," என்று அண்ணன் நடுவில் ஒருமுறை சொன்னார்.

அதன் பிறகு அக்காவைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து குளியலறைக்கும், மறுபடி கட்டிலுக்கும் அவர்தான் தூக்கினார். தூக்கத் தெரிந்த ஆள்தானே. ஆனால் மூட்டையைத் தூக்குகிற மாதிரியே தூக்கினார். குனிந்து, முதுகை வளைத்து, ஒரே எத்தாக எத்தித் தூக்குவது. லாரியில் எதிரே இன்னொருவன் பிடித்துக் கொடுப்பான். வீட்டில் யார் பிடித்துக் கொடுப்பார்கள்? ஒருநாள் பாதித் தூக்கலில் முதுகு பிடித்துக்கொண்டது. இருவரும் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே விழுந்தார்கள். அவரால் எழ முடியவில்லை. அக்காவால் எப்போதுமே முடியாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலை முடிந்து வரும்வரை இருவரும் தரையிலேயே கிடந்திருக்கிறார்கள்.

"சும்மா கிடக்கலீங்க," என்று சொல்லும்போது அண்ணன் சிரித்தார். "நெடுக என்னையத் திட்டிட்டே கிடந்தா."

அவர்களுக்கு ஒரே மகள், மௌனிகா. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, ஒண்டுக் குடித்தனம், கைக்குழந்தை. செய்தி கேட்டு ஓடி வந்தவள், அழுது முடித்துவிட்டு ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "அப்பா, இன்னொருவாட்டி அம்மாவக் கீழ போட்டீங்கன்னா கோயமுத்தூருல காப்பகத்துல சேத்திருவேன். நான் விசாரிச்சு வெச்சுட்டேன்." அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மருதாத்தாள் அக்காவுக்கு இந்த உலகத்தில் ஒரே பயம் அதுதான். முன்பின் தெரியாதவர்கள் நடுவில் கிடந்து செத்துப்போவது. "கண்ணு முழிச்சா எங்கூட்டு ஓடு தெரியோணும், அவ்வளவுதான்," என்பாராம். ஆகவே அண்ணன் இனி ஒருமுறைகூட அவரைக் கீழே போடக் கூடாது. அதற்காகத்தான் அந்த மனிதர் வெட்கத்தை விட்டுப் பெண்கள் நேரத்தில் படியேறி வந்திருந்தார்.

அண்ணனை ஒரு காலிக் கம்பியைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். முப்பது வருஷம் மூட்டை தூக்கிய உடம்பில் இடுப்பு என்று ஒன்று வேலையே செய்யவில்லை. எல்லாவற்றையும் முதுகே செய்துகொண்டிருந்தது. புட்டத்துச் சதை வெறுமனே உட்காருவதற்கு என்று நினைத்துவிட்டது போல. அவரிடம் அதை அப்படியே சொன்னேன். "அதுக்கு இத்தன நாளும் லீவு குடுத்துட்டீங்கணா."

முதல் சில வாரம் லேசான பயிற்சிகள்தான். ஸ்டூலில் உட்கார்ந்து எழுவது, கயிற்றை இழுப்பது, முழங்கையை ஊன்றி நின்று வயிற்றை இறுக்குவது. முதுகுவலி கொஞ்சம் அடங்கியது. அப்புறம்தான் ஹிப் த்ரஸ்ட்டைச் சேர்த்தேன். அங்கேதான் வந்தது வம்பு.

ஹிப் த்ரஸ்ட் பார்க்க எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தோள்பட்டையைப் பெஞ்சின் விளிம்பில் சாய்த்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, கம்பியை மடியில் வைத்துக்கொண்டு, இடுப்பை மேலே தள்ளித் தள்ளி இறக்க வேண்டும். கல்யாணமான பெண்களே முதலில் அதைச் செய்யும்போது சுவரைப் பார்த்துக்கொள்வார்கள். நான் செய்து காட்டியதும் கருப்புசாமி அண்ணன் பெஞ்சைவிட்டு நாலடி தள்ளிப் போனார்.

"அய்யோ, இது வேண்டாமுங்க அம்மிணி. பொம்பளைங்க இருக்கற எடத்துல... மானம் போயிருமுங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணா, முதுகால தூக்கி அக்காவக் கீழ போட்டது நீங்க. இது ஒண்ணுதான் நேரா அந்தச் சதையை எழுப்பி உடும். மானம் வேணுமா, அக்கா ஊட்டுல இருக்கோணுமா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாத கேள்விதான். ஆனால் வேலை நடந்தது. அவர் தோள் துண்டை எடுத்து இடுப்பிலிருந்து முழங்கால் வரை போர்த்திக்கொண்டார். அதன்மேல் சும்மாட்டுத் துணியைச் சுருட்டி வைத்தார், கம்பி எலும்பில் குத்தாமல் இருக்க. விலை கொடுத்து வாங்கி வைத்திருந்த ஸ்பாஞ்சு உறையைவிட அது நன்றாகவே இருந்தது. டீச்சர் பெருந்தன்மையாகத் திரும்பி நின்றுகொண்டார்.

"தாவாய உள்ள இழுங்க. குதிகால்ல அழுத்துங்க. மேல போனதும் ஒரு இறுக்கு இறுக்கி நிறுத்துங்க. முதுக வளைக்காதீங்க, வளைச்சா பழைய குருடிதான்."

மூணாவது முறையே அவர் கண்ணை அகல விரித்தார். "அம்மிணி, பின்னால என்னமோ புதுசா ஒண்ணு வலிக்குதுங்க!"

"அதுதானுங்கணா. முழிச்சுக்கிச்சு."

அன்றிலிருந்து அவர் ஒருநாளும் தவறவில்லை. லாரி வராத இடைவெளியில் வந்துவிடுவார். டீச்சருக்கும் பழகிவிட்டது, அண்ணன் வர நேரமானால் அவரே "நம்ம மூட்டைக்காரரக் காணோமே," என்பார். வீட்டிலும் செய்தார். பழைய சிமெண்ட் சாக்கில் மணலை நிரப்பி மடியில் வைத்துக்கொண்டு, தோளைக் கட்டில் விளிம்பில் சாய்த்துச் செய்வாராம். அக்கா கட்டிலில் படுத்தபடி எண்ணுவாராம். "ஏமாத்தறாளுங்க அம்மிணி. எட்டுக்கப்பறம் மறுபடி ஏழு வருது."

தூக்கும் முறையைச் சொல்லிக் கொடுக்க நான் ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போனேன். தென்னந்தோப்பு ஓரம் சின்ன ஓட்டு வீடு. கட்டில் ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. மருதாத்தாள் அக்கா கட்டில் நிறைய இருந்தார். நல்ல ஆகிருதி, நல்ல நிறம், வாய் நிறையச் சிரிப்பு. என்னைப் பார்த்ததும், "ஏனம்மிணி, இந்த வயசுல என்ற ஊட்டுக்காரருக்கு என்னென்ன வித்தையெல்லாம் சொல்லித் தர்றீங்க? ராத்திரி பகல்னு இல்லாம குதிச்சுட்டே இருக்கறாரே," என்று கேட்டார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அண்ணன் வாசலுக்கே ஓடிவிட்டார்.

முழங்காலை முழங்காலில் முட்டுக் கொடுத்து, இருவரும் கட்டிப்பிடித்த மாதிரி நெஞ்சோடு நெஞ்சு சேர்த்து, இடுப்பை முன்னே தள்ளி எழுந்து, அப்படியே திரும்பி நாற்காலியில் வைக்க வேண்டும். சொல்லிக் கொடுத்தேன். அண்ணன் செய்தார். முகத்து நரம்பெல்லாம் புடைத்தது, கால் நடுங்கியது. ஆனாலும் முதுகு நேராக இருந்தது. அக்கா அவர் தோளில் தாடையை வைத்துக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தார். கீழே போய்விடுவோம் என்ற பயம் என்று நினைத்தேன். அவர் பயந்தது தனக்காக இல்லை என்பது பின்னாடிதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு மாதங்கள் நன்றாகத்தான் போயின. கம்பியில் எடை ஏறிக்கொண்டே வந்தது. வீட்டிலும் தூக்குவது சுலபமாகிக்கொண்டே வந்தது. வாரத்துக்கு ஒருமுறையாவது வந்து பெருமையடிப்பார். "இன்னைக்குக் கால் நடுங்கவேயில்லீங்க." "இன்னைக்கு மூச்சே வாங்கலீங்க." கடைசியில் ஒருநாள், "அம்மிணி, பேசிட்டே தூக்கறனுங்க. அவ எழுந்ததே தெரியல," என்றார். அவரோடு வேலை பார்க்கும் பொன்ராஜ் அண்ணன்கூட வந்து, "கருப்பனுக்கு என்ன மந்திரம் போட்டீங்க? எனக்கும் அதையே போடுங்க," என்று கேட்டுச் சேர்ந்துகொண்டார். பெண்கள் நேரத்தில் இல்லை. அவரைச் சாயங்காலத்துக்கு அனுப்பிவிட்டேன்.

மௌனிகா போனில் கேட்டபோதெல்லாம் அண்ணன் சொன்ன பதில் ஒன்றுதான். "உங்கம்மா இப்ப என் கையில பூவாட்டம் நிக்கறா. காப்பகம் கீப்பகம்னு பேசாத."

கார்த்திகை முடிந்து எங்கள் பக்கத்துக் காற்று ஆரம்பித்திருந்தது. இந்தப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடித்தால் தென்னை மட்டையெல்லாம் ஒரு பக்கமாகவே படுத்துக் கிடக்கும். ஒருநாள் அண்ணன் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். பஞ்சாயத்துப் பாலியேட்டிவ் வண்டி வரும் நாள் அது. படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களை மாதம் ஒருமுறை வீடு தேடி வந்து பார்க்கும் நர்ஸ் வருவார். அவர் முன்னால் தூக்கிக் காட்ட வேண்டும், நானும் இருக்க வேண்டும் என்று அண்ணனுக்கு ஆசை. பரிசு வாங்கப் போகும் பையன் மாதிரி வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

நர்ஸ் ரம்லத் ஸிஸ்டர் ஒல்லியான ஆள், மலையாளம் கலந்த தமிழில் பேசுவார். என் தோள் உயரம்கூட இல்லை. பெட்டியை வைத்துவிட்டு அக்காவின் முதுகுப் புண்ணைப் பார்த்தார். படுக்கைப் புண். மாதக்கணக்கில் ஆறாமல் இருக்கிறது என்று அண்ணன் சொல்லியிருந்தார்.

"சேச்சி, இது ஆறவே மாட்டேங்குதே. போன மாசத்தை விடப் பெரிசா போச்சு. நான் தந்த சத்துப் பொடியப் பால்ல கலக்கிக் குடிக்கறீங்க அல்லே?"

"குடிக்கறனுங்க ஸிஸ்டர்," என்றார் அக்கா. கழுத்துவரை போர்வை இருந்தது. முகம் மட்டும் தெரிந்தது. நான் முன்பு பார்த்த முகத்தில் பாதிதான் இருந்தது. நோய் அல்லவா, இளைக்கத்தான் செய்யும் என்று எண்ணிக்கொண்டேன்.

அண்ணன் முன்னால் வந்தார். "ஸிஸ்டர் கொஞ்சம் தள்ளிக்குங்க. நான் எப்படித் தூக்கறன்னு பாருங்க." முழங்காலை முட்டுக் கொடுத்தார், அணைத்தார், இடுப்பைத் தள்ளினார், எழுந்தார், திரும்பினார், வைத்தார். ஒரு குறை சொல்ல முடியாது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. தட்டினேன்.

ஸிஸ்டர் கைதட்டவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சேட்டா, ஷீட் மாத்தணும், நீங்க அத எடுங்க," என்று அண்ணனை அலமாரிப் பக்கம் அனுப்பினார். அவர் திரும்புவதற்குள் நாற்காலியிலிருந்த அக்காவின் அக்குளில் ஒரு கையும் முழங்காலுக்கு அடியில் ஒரு கையும் கொடுத்துத் தூக்கினார். ஒற்றை ஆளாக. தூக்கிக் கொண்டுபோய்க் கட்டிலில் படுக்க வைத்தார். மூச்சுக்கூட வாங்கவில்லை.

அண்ணன் விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு சிரிப்புச் சிரித்துப் பார்த்தார். "ஸிஸ்டருக்கும் நல்ல பலமுங்க."

"எனக்கோ?" என்றார் ரம்லத் ஸிஸ்டர். "நான் ரேஷன் கடையில பத்துக் கிலோ அரி தூக்க ஓட்டோக்காரன விளிக்கிற ஆளு, சேட்டா."

அண்ணன் விரிப்பைக் கீழே போட்டார். கட்டிலருகே போய் அக்காவின் கீழே இரண்டு கையையும் கொடுத்தார். முட்டுக் கொடுக்கவில்லை, அணைக்கவில்லை, நான் சொல்லிக் கொடுத்த எதையும் செய்யவில்லை. லாரியில் முதல் மூட்டையை லேசாக அசைத்துப் பார்ப்பார்களே, அப்படி அசைத்துப் பார்த்தார். அவ்வளவுதான்.

"நாப்பதுகூட இல்ல," என்றார்.

மூட்டையைத் தொட்டதும் அது சரியான எடைதானா என்று சொல்லிவிடும் கை அது. ஆனால் மூட்டையைத் தொடும்போதுதான் அவர் எடையை நினைப்பார். மனைவியைத் தொடும்போது நினைத்ததேயில்லை. தன் இடுப்பு பலம் ஏறுகிறது, அதனால் சுலபமாகிறது என்றே இத்தனை மாதமும் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்புள்ள?" என்று கேட்டார். "நான் ஆக்கி வெச்சுட்டுப் போறதெல்லாம் என்னாகுது?"

அக்கா முதலில் ஜன்னலைப் பார்த்தார். பிறகு எங்கள் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். "பாதி தின்பனுங்க. பாதிய ஜன்னல் வழியா நாய்க்குப் போட்டுருவேன். அந்தப் பொடியும் நாய்க்குத்தானுங்க. தண்ணியும் ரொம்பக் குடிக்கறதில்ல. குடிச்சா வெளிய போகோணும், போகோணும்னா தூக்கோணும்."

"சொன்னியா என்கிட்ட?"

"சொன்னா உடுவீங்களா?" அக்காவின் குரல் சண்டைக் குரலாக ஏறியது. "நான் விழுகறதுக்கு முந்தி ஒருக்கா உங்களுக்கு முதுகு புடிச்சப்போ பொன்ராஜண்ணன் உங்களுக்குன்னு கிழிசல் மூட்டையா ஒதுக்கி வெச்சாரு. நான் சோறு கொண்டாந்த எடத்துல நின்னு பார்த்தேன். நீங்க அத எட்டி ஒதைச்சுட்டு முழு மூட்டையத் தூக்குனீங்க. தூக்கற ஆளுக்கு முடியலைன்னா பாரத்தக் கொறைக்கறதுதானுங்க மொறை. நீங்க வாங்கிக்க மாட்டீங்கன்னு தெரியும். அதான் சொல்லாம கொறைச்சேன்."

லோடிங்காரர்களின் வழக்கம் அது. யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் வேலையைவிட்டு நிற்கச் சொல்ல மாட்டார்கள்; நின்றால் கூலி போய்விடும். சிமெண்ட் சாக்கு சில கிழிந்து கொஞ்சம் கொட்டிப்போய் வரும். அந்தக் குறை மூட்டைகளை அவனுக்கு விட்டுவிடுவார்கள். ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். வாங்கிக்கொள்பவனும் பேச மாட்டான். நல்ல வழக்கம்தான். ஆனால் அது மூட்டைக்கு உண்டான வழக்கம். ஒரு பெண் தன்னை அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று அந்தக் கிடங்கில் யாருக்கும் தோன்றியிருக்காது.

அண்ணன் கத்தினார். முப்பது வருஷக் கல்யாணத்தில் அப்படிக் கத்தியதில்லை என்று அக்காவே பிற்பாடு சொன்னார். "உன்ன எவன் கொறையச் சொன்னான்? நான் அங்க போயி மானங்கெட்டு இடுப்பத் தள்ளித் தள்ளி ஏத்துனது எதுக்கு? எதுக்குடி?" கத்திவிட்டுக் கொல்லைக்குப் போனார். காற்றில் அவர் அழுதது எங்களுக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது கண்ணைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

எனக்கு இருவர்மேலும் ஆத்திரம். இன்றைக்கும் ஆறவில்லை. அவர் அவளுக்காக ஏற்றிக்கொண்டிருக்கிறார். அவள் அவருக்காகக் குறைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் சாய்ந்துகொண்டு. ஒரு வார்த்தை பேசினால் முடிந்துபோகிற விஷயம். எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சாப்பாட்டை விட்டுக்கொடுப்பது மட்டும் எப்படித்தான் இவ்வளவு சுலபமாக வருகிறதோ! யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதைப் பார்த்து ஊரே மெச்சவும் செய்யும். எனக்கு மெச்சத் தோன்றவில்லை. கட்டிலோடு சேர்த்து அக்காவை உலுக்க வேண்டும்போல்தான் இருந்தது.

ரம்லத் ஸிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரியத்தைப் பேசினார். "சேச்சி, புண்ணு ஆறணும்னா உடம்பில சதை வேணும். திங்காம இருந்தா எந்த மருந்து வெச்சும் காரியமில்ல."

அண்ணன் வேலைக்குப் போவதை நிறுத்தினார். முட்டை, மீன், பருப்பு என்று ஆக்கி ஊட்டினார். அக்காவும் இந்த முறை நிஜமாகவே சாப்பிடப் பார்த்தார். வயிறு ஏற்றுக்கொள்ளவில்லை. நாலு வாய்க்கு மேல் போனால் குமட்டியது. "இப்பத் திங்கறேன்னா இது வேண்டாங்குது பாருங்க," என்று சிரிப்பாராம். புண் எலும்புவரை போய்விட்டது. பொங்கலுக்கு முன்பு காய்ச்சல் கண்டது. பாலக்காட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மௌனிகா கைக்குழந்தையோடு வந்து வார்டு வராந்தாவில் படுத்துக் கிடந்தாள்.

நான் போய்ப் பார்த்த அன்று அக்கா மேலே சுற்றும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மிணி, அவருகிட்டச் சொல்லுங்க, ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லி," என்றார். காய்ச்சல் இறங்கட்டும், அனுப்புகிறோம் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அண்ணன் மணிக்கொரு தரம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அது இறங்கவில்லை. இரத்தத்திலேயே சீழ் கலந்துவிட்டது என்றார்கள். பக்கத்துக் கட்டில்களில் யார் யாரோ இருமிக்கொண்டிருக்க, மருதாத்தாள் அக்கா அங்கேயே செத்துப்போனார். காப்பகம் வேண்டாம் என்று அத்தனை பாடுபட்டும் கடைசியில் நடந்தது அவர் பயந்ததுதான்.

ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்தபோது உறவுக்காரர்கள் நாலு பேர் ஸ்ட்ரெச்சரைப் பிடிக்கப் போனார்கள். அண்ணன் விடவில்லை. தானே ஏறி, தானே தூக்கிக்கொண்டு இறங்கினார். குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் எல்லாம் அழுதுகொண்டு வழிவிட்டார்கள். நான் மட்டும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேராக இருந்தது. என் தொழில் புத்தியை நினைத்து எனக்கே வெறுப்பாக இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து, மௌனிகாவும் திருப்பூர் போன பிறகு, ஒரு நாள் காலை அண்ணன் படியேறி வந்தார். மொட்டையடித்த தலையில் முடி முளைக்க ஆரம்பித்திருந்தது. டீச்சர் டிரெட்மில்லிலிருந்து இறங்கி ஓரமாக நின்றார். "டீ வாங்கியாறச் சொல்லட்டுங்களாணா?" என்றேன்.

"வேண்டாமுங்க. ஒரு உபகாரம் பண்ணோணும். அடிபட்டு ஆஸ்பத்திரியில சேத்த அன்னிக்கு அவளுக்கு எடை போட்டாங்க. எழுவத்திரண்டு. அத்தனையும் அந்தக் கம்பியில வெச்சுத் தாங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருக்கலாம். அவர் முதுகை நினைத்து அறுபதுக்கு மேல் நான் ஏற்ற விட்டதில்லை. இப்போது அவருக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். அவள் குறைக்காமலே, இருந்த எடையிலேயே இருந்திருந்தால், தன்னால் தூக்கியிருக்க முடியுமா முடியாதா?

"அண்ணா, இதும் அதும் ஒண்ணில்லீங்க," என்றேன். "படுத்துட்டு இதத் தூக்கறது வேற, ஆளைத் தூக்கறது வேற. இத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. இன்னைக்கு வேண்டாம்."

"வைங்க அம்மிணி."

வைக்கும்போதே கணக்குப் போட்டேன். அவர் தூக்கிவிட்டால், அக்கா பட்டினி கிடந்தது வீண் என்று ஆகிவிடும். தூக்க முடியாவிட்டால், அக்கா செய்ததுதான் சரி என்று ஆகிவிடும். எது அவருக்கு ஆறுதல்? யாருக்கும் தெரியாமல் இன்னும் இரண்டு பெரிய தட்டைச் சேர்த்துப் போட்டால் நிச்சயம் முடியாது. கை அந்தத் தட்டு வரைக்கும் போனது. ஆனால் மூட்டைக்காரரிடம் எடையில் பொய் சொல்ல முடியுமா? எங்கள் தட்டுகளில் எழுபத்திரண்டு வராது, எழுபத்திரண்டரைதான் வந்தது.

அவர் துண்டைப் போர்த்தி, தோளைப் பெஞ்சில் சாய்த்தார். நானும் டீச்சரும் கம்பியை உருட்டி மடியில் கொண்டுபோய் வைத்தோம். அவர் தாவாயை உள்ளே இழுத்தார். குதிகாலை ஊன்றினார். தள்ளினார்.

கம்பி மேலே போயிற்று. நடுங்கக்கூட இல்லை. தோளிலிருந்து முழங்கால் வரை ஒரே நேர்கோடாக நின்றது. இறக்கினார். மறுபடி ஏற்றினார். ஏற்றியவர் இறக்கவேயில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

"முதுகு வளையுதுங்களா?"

"இல்லீங்கணா."

"அப்பத் தூக்கியிருப்பனுங்க," என்றார். கண்ணிலிருந்து நீர் இரண்டு பக்கமும் காதுக்குள் ஓடியது. "அம்மிணி, முழுசா இருந்திருந்தாலும் நான் அவளத் தூக்கியிருப்பனுங்க."

"இறக்குங்கணா," என்று சொன்னேன். அவர் இறக்கவில்லை. நானும் டீச்சரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து அந்த எடையை அவர் மடியிலிருந்து எடுத்தோம்.